காணி விடுவிக்கப்பட்டது என்ற தாளுக்குள் என்ன இருக்கிறது? வன்னியில் மிதிவெடி ஆபத்தைத் தீர்மானிக்கும் முறையும் அதில் திருத்த வேண்டியவையும்

வன்னியில் "காணி விடுவிப்பு" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. படையினர் பிடித்து வைத்திருந்த காணியை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது ஒன்று. அதைப் பற்றி நிறையவே எழுதியும் பேசியும் போராடியும் வருகிறோம். மற்றது, மிதிவெடி இருக்கலாம் என்று மண்டையோட்டுப் பலகை நட்டு மூடிவைத்த காணியை, "இனிப் பாவிக்கலாம்" என்று தாள் கொடுத்து ஒப்படைப்பது. இந்த இரண்டாவது விடுவிப்பைப் பற்றி நாங்கள் பேசுவது குறைவு. தாள் கிடைத்ததும் பற்றையை வெட்டி, நெருப்பு வைத்து, உழவு இயந்திரத்தை இறக்கிவிடுகிறோம். வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

நான் சில வருடங்கள் மிதிவெடி அகற்றும் அமைப்பொன்றின் ஆய்வுக் குழுவில் வேலை செய்தேன். வீடு வீடாகப் போய், "இந்த இடத்தில் காவலரண் இருந்ததா, யார் நடமாடினார்கள், மாடு ஏதும் வெடியில் அகப்பட்டதா" என்று கேட்டுப் பதிவதுதான் வேலை. அந்த வேலையில் ஒன்று தெளிவாக விளங்கியது. காணி விடுவிப்புத் தாள் மண்ணைப் பற்றிய உண்மை அல்ல. அது மண்ணைப் பற்றி மனிதர்கள் எடுத்த ஒரு தீர்மானம். தீர்மானம் என்றால் அதற்குக் காரணங்கள் இருக்க வேண்டும். அந்தக் காரணங்களைக் காணிக்காரர் அறிந்திருக்க வேண்டும். நிலைமை மாறினால் தீர்மானத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்க்க இடம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் வன்னியில் எந்தளவுக்கு இருக்கின்றன, எங்கே திருத்த வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

யார் தீர்மானிக்கிறார்கள்?

2002 பெப்ரவரி போர் நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு வன்னியில் மிதிவெடி அகற்றல் பெருமளவில் தொடங்கியது. ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற வெளிநாட்டு அமைப்புகள் அந்தக் காலத்திலேயே இலங்கைக்கு வந்தன. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் வன்னிக்குள் வேலை செய்தது. போர் திரும்பவும் மூண்டு 2009 மே மாதம் முடிந்த பிறகு எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

2010இல் தேசிய கண்ணிவெடி செயற்பாட்டு நிலையம் அமைக்கப்பட்டது. இந்தத் துறையில் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதனிடமே இருக்கிறது. எந்த அமைப்பு வேலை செய்யலாம் என்று அங்கீகாரம் கொடுப்பது, எந்தத் துண்டில் இறங்குவது என்று பணி ஒதுக்குவது, செய்த வேலையைப் பரிசோதிப்பது, முடிந்த காணியை ஒப்படைக்க ஒப்புதல் தருவது எல்லாம் அதன் பொறுப்பு. வடக்கின் நாளாந்த அலுவல்களைக் கிளிநொச்சியில் உள்ள பிராந்திய அலுவலகம் கவனிக்கிறது. இலங்கைக்கான தேசிய நியமங்கள், 2001 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச கண்ணிவெடி நடவடிக்கை நியமங்களைப் பின்பற்றி எழுதப்பட்டவை.

களத்தில் இறங்கி வேலை செய்பவர்கள் வேறு. ஹலோ ட்ரஸ்ட், மக், உள்நாட்டு அமைப்புகளான டாஷ், ஷார்ப், அவற்றோடு இராணுவத்தின் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு. ஆக, தோண்டுபவர் ஒருவர், தோண்டியது சரியா என்று பார்ப்பவர் இன்னொருவர். இந்தப் பிரிவு முக்கியமானது. தன் வேலைக்குத் தானே சான்றிதழ் எழுதும் நிலை இருக்கக் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒழுங்குபடுத்தும் நிலையம் அரசாங்கத்துடையது. அரசாங்கங்கள் மாறும்போது அதற்குப் பொறுப்பான அமைச்சும் மாறி வந்திருக்கிறது. வேலைக்கான பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு நன்கொடை நாடுகளுடையது. எல்லாரும் ஒரே மேசையில் இருந்து எடுக்கும் தீர்மானத்தின் மேல் கடைசியில் கால் வைக்கப் போவது முகமாலையிலோ கொக்குத்தொடுவாயிலோ உள்ள ஒரு குடும்பம். அந்த மேசையில் அந்தக் குடும்பத்துக்குக் கதிரை உண்டா என்பதே கேள்வி.

ஆபத்து என்பதை எப்படி அளக்கிறார்கள்?

பாதுகாப்புத் துறைகளில் ஆபத்தை இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒன்று, தீங்கு நடப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு. மற்றது, நடந்தால் தீங்கு எவ்வளவு பெரியது. மிதிவெடியில் இரண்டாவதற்குச் சந்தேகம் இல்லை. கால் போகும், கண் போகும், உயிரும் போகும். ஆகவே கேள்வி முழுவதும் முதலாவதில்தான் நிற்கிறது. இந்தக் காணியில் வெடி இருப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு?

வாய்ப்பைப் பூச்சியம் ஆக்க முடியுமா என்றால், எந்தத் துறையிலும் முடியாது என்பதே பதில். பிரித்தானியாவில் 1949இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் நீதிமன்றம் ஒரு அளவுகோலைச் சொன்னது. ஆபத்தை ஒரு தட்டிலும், அதைக் குறைக்கத் தேவையான பணம், நேரம், சிரமத்தை மறு தட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆபத்தோடு ஒப்பிடும்போது செலவு அளவுக்கு மிஞ்சியதாக இருந்தால் மட்டுமே அதைச் செய்யாமல் விடலாம். இன்றுவரை அந்த நாட்டின் தொழிற்பாதுகாப்பு இந்த எண்ணத்தின் மேலேயே நிற்கிறது.

மிதிவெடித் துறையில் இதற்கு இணையான சொல் "நியாயமான எல்லா முயற்சியும்". சந்தேகத்தை நீக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தாயிற்று, இதற்கு மேல் செலவழித்தாலும் குறிப்பிடத்தக்க பயன் வராது என்ற நிலையில் காணியை விடுவிக்கலாம். அதன் பிறகும் மிஞ்சி இருக்கக்கூடியதை "எஞ்சிய ஆபத்து" என்கிறார்கள். எஞ்சிய ஆபத்து எவ்வளவு இருந்தால் சகிக்கலாம் என்பதை அந்தச் சமூகத்தின் விழுமியங்களே தீர்மானிக்கின்றன என்பது சர்வதேச நியமங்களின் விளக்கம். சமூகம் என்ற சொல் அங்கே சும்மா வரவில்லை. சகிக்கக்கூடியது எது என்பதைப் பொறியியலாளர் மட்டும் சொல்ல முடியாது. சகிக்க வேண்டியவரும் சொல்ல வேண்டும்.

மூன்று வழிகளில் விடுவிப்பு

ஒரு காணி மூன்று வழிகளில் விடுவிக்கப்படலாம். உங்கள் கையில் உள்ள தாள் எந்த வழியில் வந்தது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, நீக்கப்பட்ட காணி. இங்கே யாரும் தோண்டுவதில்லை. ஆய்வுக் குழு ஊர் மக்களிடமும் படையினரிடமும் முன்னாள் போராளிகளிடமும் விசாரிக்கும், வரைபடங்களைப் பார்க்கும், நிலத்தைப் பாதுகாப்பான இடத்தில் நின்று கவனிக்கும். "இங்கே வெடி இருப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை" என்று கண்டால் சந்தேகப் பட்டியலிலிருந்து காணி நீக்கப்படும்.

இரண்டாவது, குறைக்கப்பட்ட காணி. இங்கே கருவிகளோடும் இயந்திரங்களோடும் உள்ளே இறங்குவார்கள். ஆனால் முழுவதையும் தோண்ட மாட்டார்கள். குறித்த பாதைகளை வெட்டிப் பார்ப்பார்கள். வெடி வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடித்துக்கொண்டு, வரிசைக்கு வெளியே உள்ள நிலத்தைப் பட்டியலிலிருந்து குறைப்பார்கள்.

மூன்றாவது, துப்புரவாக்கப்பட்ட காணி. குறித்த எல்லைக்குள், குறித்த ஆழம் வரைக்கும், ஒவ்வொரு அடியும் தேடி முடித்த நிலம் இதுதான்.

போர் முடிந்த கையோடு சந்தேகப் பரப்பு ஏறத்தாழ 2000 சதுர கிலோமீற்றர் என்று மதிப்பிடப்பட்டது. அதன் பெரும்பகுதி தோண்டித் துப்புரவாக்கப்பட்டதல்ல, ஆய்வின் மூலம் நீக்கப்பட்டது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. வெடி இல்லாத நிலத்தைத் தோண்டுவதால் யாருக்கும் பாதுகாப்புக் கூடுவதில்லை. உலகெங்கும் நடந்த அனுபவமும் இதுதான். தோண்டிய நிலத்தின் பெரும்பகுதியில் ஒன்றும் அகப்படாததால், 2009இல் காணி விடுவிப்புக்கென்றே சர்வதேச நியமங்கள் எழுதப்பட்டன.

தவறு இரண்டு பக்கத்துக்கும் நடக்கலாம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். வெடி உள்ள காணியை இல்லை என்று நீக்கினால் விவசாயியின் கால் போகும். வெடி இல்லாத காணியை இருக்கிறது என்று மூடி வைத்தாலும் இழப்பு உண்டு. அந்தக் குடும்பம் வாடகைக் காணியில் கச்சான் போடும். விறகுக்கும் தேனுக்கும் பழைய இரும்புக்கும் வேறு பற்றைக்குள் இறங்கும். அங்கே உண்மையாகவே வெடி இருக்கலாம். தேவையில்லாத நிலத்தில் முழந்தாளிட்டிருக்கும் பணியாளர், தேவையான நிலத்துக்குப் போகப் பிந்துவார். ஆபத்து காணாமற் போவதில்லை. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது. நல்ல முறைமை எதுவென்றால், அது யாருடைய தோளுக்கு மாறுகிறது என்று அறிந்துகொண்டு தீர்மானிப்பது.

வன்னி மண்ணின் தனிக் குணங்கள்

கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளியில் உள்ள முகமாலை, 2000இலிருந்து 2008 வரைக்கும் முன்னரங்காக இருந்த இடம். மண் அணைகளும் காவலரண்களும் மிதிவெடி வரிசைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த நிலம். இராணுவம் புதைத்த வரிசைகள் பெரும்பாலும் ஒரு ஒழுங்கில் இருக்கும், அவற்றுக்குப் பதிவுகளும் உண்டு. விடுதலைப் புலிகள் புதைத்தவற்றுக்கு அப்படியான பதிவுகள் கிடைப்பது அரிது. ஒரு வரிசையைக் கண்டுபிடித்தால் அடுத்தது எங்கே இருக்கும் என்று ஊகிக்க முடிவதும், முடியாமற் போவதும் இதைப் பொறுத்தது.

வெடிகளும் ஒரே மாதிரி இல்லை. இராணுவம் பாவித்த பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு. உலோகம் கண்டறியும் கருவிக்கு அது எளிதில் அகப்படாது. புலிகள் தயாரித்த ஜொனி வகையின் பழைய வடிவம் மரப்பெட்டியால் ஆனது. பெட்டி உக்கினாலும் உள்ளே உள்ள வெடிமருந்து அதோடு சேர்ந்து உக்கிவிடும் என்று யாரும் நம்பி இருக்க முடியாது. கருவியை நம்ப முடியாத இடங்களில் மண்ணை வாரியால் மெல்ல மெல்ல வாரி எடுக்கும் முறை பரவியது. நோர்வே மக்கள் உதவி அமைப்பு போர் நிறுத்தக் காலத்தில் இலங்கையில் வளர்த்தெடுத்த முறை அது. முகக்கவசம் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் வெயிலில் வாரியோடு இருக்கும் பணியாளர்களில் கணிசமானோர் பெண்கள். அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள்.

முல்லைத்தீவின் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் கதை வேறு. அங்கே வரிசையாகப் புதைத்த மிதிவெடிகளை விட, விழுந்து வெடிக்காமற் போன எறிகணைகளும் குண்டுகளும் கைவிடப்பட்ட வெடிபொருட்களுமே முக்கியம். மிதிவெடி வரிசைக்கு எல்லை உண்டு. எறிகணைக்கு எல்லை இல்லை. மிதிவெடி மேற்பரப்புக்குக் கிட்ட இருக்கும். எறிகணை ஈர மண்ணில் ஆழமாய்ப் போயிருக்கலாம்.

இங்கேதான் ஆழம் என்ற விடயம் வருகிறது. எவ்வளவு ஆழத்துக்குத் தேடுவது என்பதை அந்தந்த இடத்தின் வெடி வகையையும் நிலப் பாவனையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நம்பத்தகுந்த தகவல் இல்லாத இடங்களில் குறைந்தது 130 மில்லிமீற்றர் என்பது சர்வதேச நியமங்களில் நெடுநாள் இருந்த பொது அளவு. நெல் விதைக்கவும் குடிசை போடவும் இது போதலாம். ஆனால் வன்னி மனிதர் காணியில் என்னவெல்லாம் செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பனம்பாத்தி போடுகிறோம். மரவள்ளிக் கிழங்கு கிண்டுகிறோம். கிணறு வெட்டுகிறோம். மலசலகூடக் குழி தோண்டுகிறோம். பெக்கோ பிடித்து அத்திவாரம் போடுகிறோம். இவற்றில் பல அந்த அளவைத் தாண்டி மண்ணுக்குள் போகின்றன. ஆகவே "இந்தக் காணி பாதுகாப்பானதா" என்ற கேள்வி மட்டும் போதாது. "எந்த வேலைக்குப் பாதுகாப்பானது" என்றும் கேட்க வேண்டும்.

முறைமை தளரும் இடங்கள்

நான் பார்த்த அளவில் நான்கு இடங்களில் இந்த முறைமை தளர்கிறது.

ஒன்று, ஆதாரத்தின் வயது. போர் முடிந்ததும் வேலை தொடங்கிய நாட்களில் காணியை அறிந்தவர்கள் காணியில் இருக்கவில்லை. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. மக்கள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் "அந்த வேலியோரம் இவர்கள் ஏதோ புதைத்தார்கள்" என்ற பேச்சே வெளியே வந்தது. முன்பு ஆதாரம் இல்லை என்று நீக்கிய முடிவு, அன்று கிடைத்த ஆதாரத்துக்குச் சரியானது. புதிய ஆதாரம் வந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. வரிசைகளை அறிந்த பெரியவர்கள் இறந்துபோகிறார்கள், வெளிநாடு போகிறார்கள். பேசக் கூடியவர்களில் சிலர், பேசினால் விசாரணைக்கு அழைப்பு வருமோ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். தகவல் தருபவரின் பெயர் வெளியே போகாது, தகவல் மிதிவெடி அகற்றலுக்கு மட்டுமே பயன்படும் என்ற உறுதி எழுத்தில் இருந்தால், பல சந்தேகங்கள் ஒரு பின்னேரப் பேச்சில் தீர்ந்துவிடும்.

இரண்டு, யாரிடம் கேட்கிறோம் என்பது. கூட்டம் வைத்தால் வருபவர் குடும்பத் தலைவர், கமக்காரர் அமைப்பின் செயலாளர், கிராம அலுவலர். விறகுக்குப் போகும் பெண்ணும், மாடு சாய்க்கும் பொடியனும், குளத்தோரம் மீன் பிடிப்பவரும், பழைய இரும்பு பொறுக்குபவரும் வருவதில்லை. நிலத்துக்குள் உண்மையில் நடமாடுபவர்கள் அவர்கள்தான். எங்கள் குழுவுக்கு மிகப் பயனுள்ள தகவல்கள் கூட்டத்தில் கிடைக்கவில்லை, அடுப்படி வாசலில் கிடைத்தன.

மூன்று, ஒப்படைப்பின் போது சொல்வது. தாளில் பரப்பளவும் கையெழுத்தும் இருக்கும். ஆனால் எந்த வழியில் விடுவிக்கப்பட்டது, எந்த ஆழத்துக்குத் தேடப்பட்டது, எல்லை எங்கே முடிகிறது என்பதெல்லாம் காணிக்காரரின் மனதில் பதியும்படி, அவருடைய மொழியில், நிலத்தில் நடந்து காட்டிச் சொல்லப்பட வேண்டும். எல்லைத் தடிகள் பிடுங்கப்பட்டு வேலிக்கதியாலாகிவிட்டால், ஐந்து வருடத்துக்குப் பிறகு எந்தப் பக்கம் தேடப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காணியை வாங்குபவருக்கு அறவே தெரியாது.

நான்கு, விடுவித்த பின் யார் பொறுப்பு என்பது. நியாயமான எல்லா முயற்சியும் எடுத்து, நியமப்படி விடுவிக்கப்பட்ட காணியில் பின்னர் ஒன்று நடந்தால், பொறுப்பு அகற்றிய அமைப்பிடமிருந்து அரசுக்கு மாறும் என்பதே சர்வதேச நியமங்களின் பொதுவான நிலைப்பாடு. நல்லது. ஆனால் அரசு என்றால் எந்த அலுவலகம்? எந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுப்பது? காயப்பட்டவருக்கு என்ன உரித்து? இதை எழுதி வைக்காத முறைமையில் எஞ்சிய ஆபத்து முழுவதும் காணிக்காரரின் தலையிலேயே எஞ்சி நிற்கும்.

2028உம் அதற்குப் பிறகும்

இலங்கை 2017 டிசெம்பர் 13இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2018 ஜூன் 1 முதல் அது இலங்கையைக் கட்டுப்படுத்துகிறது. உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை, அறியப்பட்ட மிதிவெடிப் பகுதிகள் எல்லாவற்றையும் 10 வருடத்துக்குள் துப்புரவாக்க வேண்டும் என்கிறது. அதன்படி கெடு 2028 ஜூன் 1. தேவையானால் கால நீடிப்புக் கேட்கலாம். வேலையை முடிப்பதற்கென்று 2023 முதல் 2027 வரைக்குமான தேசிய மூலோபாயமும் வகுக்கப்பட்டது.

கெடு நல்லது. அது வேலையை நகர்த்தும். ஆனால் கெடு நெருங்கும்போது ஒழுங்குபடுத்துபவருக்கு ஒரு நெருக்குதல் வரும். சந்தேகத்தை ஆதாரத்தால் நீக்காமல் அவசரத்தால் நீக்கும் நெருக்குதல் அது. நன்கொடை குறையும்போதும் அதுவே நடக்கும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது, இந்தத் துறை எவ்வளவு தூரம் வெளியார் பணத்தில் தங்கியிருக்கிறது என்பது உலகெங்கும் தெரிந்தது. பணம் முடிந்தது என்பது ஒரு காணியை விடுவிப்பதற்கான காரணம் ஆகாது. அது விடுவிப்பைப் பிற்போடுவதற்கான காரணம் மட்டுமே.

"மிதிவெடி அற்ற மாவட்டம்" என்ற அறிவிப்பையும் நாங்கள் சரியாக வாசிக்கப் பழக வேண்டும். 2017இல் மட்டக்களப்பு அப்படி அறிவிக்கப்பட்டது. 2015 செப்ரெம்பர் 17இல் மொசாம்பிக் நாடு முழுவதும் அறிவிக்கப்பட்டது. இவை பெரிய சாதனைகள். ஆனால் அவற்றின் பொருள், அறியப்பட்ட மிதிவெடிப் பகுதி இனி இல்லை என்பதே. மண்ணுக்குள் ஒன்றுமே இல்லை என்ற உத்தரவாதம் யாராலும் தர முடியாது. பெல்ஜியத்தின் ஈப்பர் பகுதியில் முதலாம் உலகப் போரின் எறிகணைகளை விவசாயிகள் இன்றும் உழும்போது கிளப்புகிறார்கள். நூறு வருடம் கடந்துவிட்டது. அங்கே அது பேரழிவாகாமல் இருப்பதற்குக் காரணம், ஒரு அழைப்பில் வந்து எடுத்துச் செல்லும் நிரந்தர இராணுவப் பிரிவு ஒன்று இருப்பதுதான். ஜேர்மனியில் குண்டு வீசப்பட்ட பல நகரங்களில், கட்டடம் எழுப்ப முன்னர் பழைய வான்படங்களைப் பார்த்து, குண்டு இருக்கலாமா என்று சோதித்த பின்பே அத்திவாரம் தோண்ட விடுகிறார்கள்.

எதைத் திருத்தலாம்?

மேலே சொன்னவற்றிலிருந்து செய்யக்கூடிய திருத்தங்கள் சில வருகின்றன. இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

முதலாவது, ஒவ்வொரு விடுவிப்புக்கும் ஒரு பக்கக் காரண விளக்கம். நீக்கப்பட்டதா, குறைக்கப்பட்டதா, துப்புரவாக்கப்பட்டதா, என்ன ஆதாரம், எந்த ஆழம், எந்தப் பாவனைக்கு என்பன எளிய தமிழில் இருக்க வேண்டும். சிங்களவர், முஸ்லிம்கள் வாழும் ஊர்களில் அவர்களின் மொழியிலும் இருக்க வேண்டும். அதன் ஒரு பிரதி காணிக்காரரிடம், ஒன்று கிராம அலுவலரிடம், ஒன்று பிரதேச செயலகத்தில் காணிக் கோவையோடு.

இரண்டாவது, கட்டட அனுமதியோடு தொடுப்பு. மிதிவெடித் தரவுகள் எல்லாம் கணினித் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. வீட்டுக்கோ கிணற்றுக்கோ வீதிக்கோ அனுமதி கேட்கும்போது பிரதேச சபை அந்தத் தரவைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு விதி போதும். ஆழமாகத் தோண்டும் வேலையானால் தோண்ட முன்னரே ஒரு குழு வந்து பார்க்கலாம்.

மூன்றாவது, மீளத் திறக்கும் வழி. புதிய தகவல், புதிய விபத்து, புதிய நிலப் பாவனை ஆகிய மூன்றில் எது வந்தாலும் பழைய தீர்மானத்தைத் திரும்ப ஆராய வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அழைத்தால் இத்தனை நாளுக்குள் வருவோம் என்ற காலக்கணக்கும் வேண்டும்.

நான்காவது, விபத்திலிருந்து கற்றல். ஒரு வெடி நடந்தால் அது விடுவிக்கப்பட்ட காணியா, எந்த வழியில் விடுவிக்கப்பட்டது, எந்தப் படியில் தவறியது என்ற ஆய்வின் முடிவு அந்த ஊருக்குச் சொல்லப்பட வேண்டும். குற்றவாளி தேடுவது நோக்கமல்ல. அதே முறையில் விடுவித்த மற்றக் காணிகளையும் பார்க்க வேண்டுமா என்று அறிவதே நோக்கம்.

ஐந்தாவது, நிரந்தரப் பிரிவு. வெளிநாட்டு அமைப்புகள் போன பிறகும் வடக்கில் தங்கி நிற்கும் சிறிய பிரிவொன்று தேவை. அதில் தமிழ் பேசுபவர்கள் இருக்க வேண்டும். இத்தனை வருடம் வாரி பிடித்த அனுபவமுள்ள எங்கள் பெண்களும் ஆண்களும் இருக்கும்போது வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. சீருடையைக் கண்டால் தகவல் சொல்லத் தயங்கும் ஊர்களில், சிவில் ஆட்கள் கொண்ட பிரிவுக்கே கூடுதல் தகவல் வரும்.

உங்களிடம் தாள் தரும்போது

இந்தத் திருத்தங்கள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காணி ஒப்படைக்க வருபவர்களிடம் இவற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அவர்களும் சொல்லக் கூடியவர்கள்தான்.

என் காணி தோண்டிப் பார்க்கப்பட்டதா, விசாரித்து நீக்கப்பட்டதா? தேடிய எல்லையை நடந்து காட்டுவீர்களா? எவ்வளவு ஆழம் தேடினீர்கள்? என்ன வகை வெடி எடுத்தீர்கள்? கிணறு வெட்டினால், பெக்கோ இறக்கினால் முன்கூட்டியே யாருக்குச் சொல்ல வேண்டும்? பக்கத்துக் காணியின் நிலை என்ன? நாளைக்கு ஒன்று தென்பட்டால் யாருக்கு அழைப்பது?

எல்லைகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். கிணற்றுக்கட்டு, பனை, மதகு போன்று மாறாத அடையாளங்களோடு சேர்த்து எடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் எல்லையைக் காட்டுங்கள். காணியை விற்கும்போது உறுதியோடு அந்தத் தாளையும் கொடுங்கள்.

சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், எறியாதீர்கள், எரிக்காதீர்கள். அந்த இடத்திலேயே நில்லுங்கள், மற்றவர்களையும் நிற்கச் சொல்லுங்கள். வந்த கால் தடத்திலேயே திரும்புங்கள். தூரத்தில் ஒரு அடையாளம் வையுங்கள். கிராம அலுவலருக்கோ, மிதிவெடி அகற்றும் அமைப்புக்கோ, பொலிஸுக்கோ உடனே சொல்லுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. பழைய இரும்புக்கு வரும் நூறு ரூபாயும் இருநூறு ரூபாயும் ஒரு கைக்கு ஈடாகாது. வறுமை தெரியாமல் இதை எழுதவில்லை. தெரிந்தே எழுதுகிறேன்.

வன்னியில் மிதிவெடி அகற்றிய வேலை பெரிய வேலை. அதைச் செய்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தார்கள், சிலர் அதிலேயே உயிரையும் உறுப்பையும் இழந்தார்கள். அவர்கள் தேடிய ஒவ்வொரு அடி நிலத்துக்கும் பெறுமதி இருக்க வேண்டுமானால், எது தேடப்பட்டது, எது தேடப்படவில்லை, ஏன் என்ற பதிவு எங்கள் ஊர்களில் எங்கள் கைகளில் இருக்க வேண்டும். அமைப்புகள் ஒருநாள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகும் நாங்கள் கிணறு வெட்டுவோம்.